பிடிபட்ட பந்துகளின் கணக்கு

எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவான துணி துவைக்கும் அறை ஒன்று உண்டு. எந்த நாள் எந்த வீட்டுக்கு என்று சுவரில் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். எங்கள் முறை திங்கட்கிழமை. ஒரு திங்கள் மாலை, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மகளின் தோள்கவசத்தை நான் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அம்மையார் வந்தார். எண்பதை நெருங்கியவர். ஆமை ஓடு போல விரிந்து, வார்களும் கொக்கிகளும் தொங்கிய அந்தக் கறுப்புப் பொருளையும், பக்கத்து மேசையிலிருந்த, முகத்துக்குக் கம்பி போட்ட தலைக்கவசத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு ஏதோ கேட்டார். அவருடைய சுவிஸ் ஜெர்மனில் விழா என்று பொருள்படும் 'ஃபெஸ்ட்' என்ற சொல் மட்டுந்தான் எனக்கு விளங்கியது. விளையாட்டுப் போட்டியைத்தான் கேட்கிறார் என்று எண்ணி, ஒவ்வொரு ஞாயிறும் நடக்கும் என்று பதில் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கைகூப்பினார். அதன்பின் ஞாயிறு காலைகளில் நாங்கள் பெரிய பையோடு படியிறங்கும்போதெல்லாம் அவர் கதவைத் திறந்து கும்பிட்டு வழியனுப்பினார். எங்கள் தேர்த்திருவிழா ஒன்றை எப்போதோ பார்த்திருந்த அவர், அது கோயிலுக்குப் பூணும் உடை என்று நினைத்திருக்கிறார் என்பது தெரியவர ஒரு மாதம் சென்றது. அது அமெரிக்கன் ஃபுட்போல் என்று என் மகள் விளக்கியபோது அவர் முகம் வாடிப்போனது. தமிழரின் கோயில் உடை அவருக்குப் பழகியிருந்தது. சுவிஸ் நகரமான ஓல்டனில் ஒரு தமிழ்ப் பெண் அமெரிக்க உடுப்போடு நிற்பதை எங்கே வைப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கும் நெடுநாள் தெரியவில்லை. என் மகள் ஆரணிக்கு இருபத்து நான்கு வயது. இங்கேயே பிறந்தவள். ஒரு கட்டடக் கம்பனியில் வரைபடம் வரைகிறாள். கூட வேலை செய்த பெண் ஒருத்தி ஒருநாள் பயிற்சிக்கு அழைத்துப்போக, ஆரணி கழுத்தில் ஒரு கீறலும் முகம் நிறைய மகிழ்ச்சியுமாகத் திரும்பி வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் என் மனைவி, இடறி விழுந்தவர்களைத் தூக்கித் தூக்கிக் களைத்தவள். வேண்டுமென்றே இடித்து விழுத்தும் விளையாட்டு ஒன்று இருக்கிறது என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. "நீங்களாவது கூடப் போங்கோ" என்றாள். அப்படித்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்குப் போகத் தொடங்கினேன்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பெயரில்தான் ஃபுட்போல், காலுக்கு அதிகம் வேலை இல்லை. நீள்வட்டப் பந்து ஒன்றை எதிரணியின் எல்லைவரை கொண்டுபோக வேண்டும். அணியின் மூளை குவாட்டர்பேக் என்பவர். குனிந்து நிற்கும் ஒருவர் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னே தர, அதை வாங்கிய குவாட்டர்பேக் மூன்று நான்கு விநாடிகளுக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் ஆட்களில் ஒருவருக்கு எறிய வேண்டும். அதற்குள் எதிரணி அவரை விழுத்தப் பாய்ந்து வரும். எங்கள் அணியில் இரண்டு குவாட்டர்பேக்குகள். ஒருத்தி ஆரணி. மற்றவள் லேயா, தோட்ட வேலை செய்பவள், அகன்ற தோளும் உரத்த சிரிப்பும் உள்ளவள். அந்தப் பருவம் முழுவதும் பயிற்சியாளர் ரேட்டோ இருவரையும் மாறி மாறி விளையாட விட்டார்.

நான் வெறுமனே நிற்பதைக் கண்ட ரேட்டோ ஒருநாள் ஒரு தாளையும் பென்சிலையும் தந்தார். யாழ்ப்பாணத்தில் என் பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் அணிக்கு நான் ஸ்கோர் எழுதியவன் என்று ஆரணி சொல்லியிருந்தாள். தாளில் கட்டங்கள் இருந்தன: எறிந்தது, பிடிபட்டது, தவறியது, முன்னேறிய தூரம், எதிரணி பறித்தது, பந்தோடு விழுத்தப்பட்டது. எனக்கு அந்தத் தாள் பெரும் ஆறுதலாக இருந்தது. அதுவரை மற்றப் பெற்றோர் பகிடி விட்டுச் சிரிக்கும்போது அரை விநாடி பிந்திச் சிரிக்கும் மனிதனாக நின்றேன். இப்போது இடைவேளையில் அவர்களே என்னைத் தேடி வந்தார்கள். நான் தாளை நீட்டினால் போதும், ஜெர்மனில் வினைச்சொல்லை எங்கே போடுவது என்று தேடி வாக்கியம் அமைக்கத் தேவையில்லை. இந்த நாட்டில் எண்ணை மட்டும் யாரும் என்னிடம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டதில்லை.

பருவம் முடியும் தறுவாயில் தாள்கள் தெளிவாகப் பேசின. ஆரணியின் எறிகளில் பெரும்பாலானவை பிடிபட்டிருந்தன. எதிரணி பறித்தவை மிகச் சில. லேயாவின் தாளோ கறை படிந்தது போல இருந்தது: தவறியவை அதிகம், பறிகொடுத்தவை அதிகம், விழுத்தப்பட்டவை அதிகம். வீட்டில் மேசையில் இரண்டையும் அருகருகே விரித்து வைத்து நான் மனதுக்குள் மகிழ்ந்திருக்கிறேன். அதை மறைக்கப்போவதில்லை.

ஆனால் தாளை எழுதியவன் ஆட்டத்தையும் பார்த்தான். மே மாதத்து மழை ஆட்டம் ஒன்றில் லேயா, தன்மேல் இரண்டு பேர் பாய்ந்துகொண்டிருக்க, அசையாமல் நின்று, கடைசிக் கணத்தில் முப்பது கஜம் தாண்டி ஒரு பந்தை எறிந்தாள். அது ஓடிக்கொண்டிருந்தவளின் இரண்டு உள்ளங்கைகளிலும் பட்டு வழுக்கி விழுந்தது. லேயா சேற்றில் கிடந்தாள். நான் 'தவறியது' என்ற கட்டத்தில், லேயாவின் பெயருக்கு நேரே, ஒரு கோடு போட்டேன். பிடிக்காமல் விட்டவளுக்குத் தாளில் கட்டம் இல்லை. அடுத்த முறை எல்லோரும் மறிக்கப்பட்டிருந்ததால், பறிபோகாமலிருக்க லேயா வேண்டுமென்றே பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தாள். அது மிகச் சரியான முடிவு. அதற்கும் ஒரு கோடு. பிறகு ஆரணி இறங்கினாள். பந்து கைக்கு வந்ததும், தூரத்தில் ஒருத்தி தனியே ஓடிக்கொண்டிருந்தும், ஆரணி பக்கத்தில் நின்றவளுக்கு மெல்லத் தட்டிக் கொடுத்தாள். இரண்டு கஜம் முன்னேற்றம். பிடிபட்டது. மீண்டும் அதே. மீண்டும் அதே. கோடுகள் அழகாக அடுக்கடுக்காக நின்றன. நாங்கள் தோற்றோம். அடி விழப்போகிறது என்ற பயத்தில் என் பிள்ளை பந்தைச் சீக்கிரமே கைவிட்டுவிடுகிறாள் என்பதை அன்றைக்கே கண்டேன். வீட்டுக்குப் போகும் வழியில், "இண்டைக்குப் பிடிபட்ட வீதம் கூடியிருக்குப் பிள்ளை, நல்லம்" என்று மட்டும் சொன்னேன்.

அரையிறுதிக்கு முந்திய செவ்வாய்க்கிழமை ரேட்டோ என்னைக் கூப்பிட்டார். ஒரே ஆட்டம், ஒரே குவாட்டர்பேக். யாரை இறக்குவது என்று கழகத்துக்குள் இழுபறி. "நாதன், எண்கள் ஆரணி என்கின்றன. எழுதியவர் நீங்கள். எண்கள் சரியா?" என்று கேட்டார். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு கோடும் நேர்மையாக விழுந்தது.

அந்த நேரத்தில் எனக்கு என் வேலைத்தலம் நினைவுக்கு வந்தது. ஓல்டனுக்கு வெளியே ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை செய்கிறேன். கையிலிருக்கும் சிறு கருவி, ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பொருள் எடுத்தோம் என்று எண்ணும். வெள்ளிதோறும் பட்டியல் ஒட்டுவார்கள். சில வருடங்களாக என் பெயர் கீழ்ப்பாதியில்தான். காரணம் எளிது: குளியலறைத் தொட்டிகளும் சீமெந்துப் பைகளும் இருக்கும் கடைசி வரிசைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை, நான் போகிறேன். ஒரு தொட்டியும் ஒன்று, ஒரு பற்தூரிகைப் பெட்டியும் ஒன்று. இதை ஒருமுறை மேலாளரிடம் சொல்ல முயன்றேன். 'கனமானது' என்ற சொல்லும் 'கடினமானது' என்ற சொல்லும் என் வாயில் இடம்மாறிவிட, வேலை கடினமாக இருக்கிறது என்று முறைப்பாடு செய்வதாக அவர் எடுத்துக்கொண்டார். இலகுவான வேலை வேண்டுமென்றால் விண்ணப்பிக்கலாம் என்று அன்போடு ஒரு படிவம் தந்தார்.

ஆகவே ரேட்டோவிடம் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னேன். "எண்கள் சரி. ஆனால் முழுக்கச் சரி இல்லை. லேயா காத்திருக்கிறாள். அடி வாங்குகிறாள், பிறகு எறிகிறாள். பந்து நல்ல பந்து. கைகள் நல்ல கைகள் இல்லை. ஆரணி…" அங்கே நின்றுவிட்டேன். "ஆரணி பயத்தில் பக்கத்தில் எறிகிறாள்."

ரேட்டோ, "அவள் உங்கள் மகள்" என்றார். நான் சொன்னது தனக்குத் தவறாக விளங்கியிருக்குமோ என்று ஐயப்பட்டிருக்க வேண்டும். ஆமாம், என் மகள்தான் என்றேன்.

அரையிறுதி நொஷாட்டல் நகரில் நடந்தது. லேயாதான் விளையாடினாள். ஆரணி ஆட்டம் முழுதும் கோட்டுக்கு வெளியே தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி நின்றாள். லேயா விழுந்து விழுந்து எழும்பினாள். இரண்டு அற்புதமான பந்துகள் எறிந்தாள். மூன்றை எதிரணி பறித்தது. நாங்கள் தோற்றோம். ஆரணியை இறக்கியிருந்தால் வென்றிருப்போமா? நேர்மையாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள எந்தத் தாளும் இல்லை. சில பெற்றோர், அன்றைக்குத் தாளைக் கேட்காமல், என்னைக் கடந்து போனார்கள். லேயா மட்டும், கன்னத்தில் மண் காய்ந்தபடி, என்னிடம் வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். "மோசம், இல்லையா?" என்றாள். தாளுக்கு ஒன்றும் தெரியாது என்று ஜெர்மனில் சொல்ல நினைத்து, "பாப்பியர் வைஸ்…" என்று தொடங்கினேன். 'பாப்பியர்' என்றால் தாள்; 'வைஸ்' என்ற சொல்லுக்குத் 'தெரியும்' என்றும் 'வெள்ளை' என்றும் இரண்டு பொருள். அவள் குழம்பிப்போய்த் தாளைத் திருப்பிப் பார்த்து, "ஓம், வெள்ளைதான், கொஞ்சம் நனைந்திருக்கிறது" என்றாள். பிறகு சிரிப்பும் அழுகையுமாக என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனாள்.

திரும்பி வரும் ரயிலில் ஆரணி எனக்கு எதிரே இருந்தாள். ஒரு பக்கம் திராட்சைச் சரிவுகள், மறு பக்கம் ஏரி, தண்ணீரில் மாலை வெயில். பீல் நிலையம் தாண்டியதும் அவள் பேசத் தொடங்கினாள்.

"ரேட்டோ எனக்குப் புதன்கிழமையே சொல்லிப்போட்டார் அப்பா. நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டும் சொன்னவர்."

"நான் பாத்ததைத்தான் சொன்னனான் பிள்ளை."

"அது பிழையெண்டு நான் சொல்லேல்லை. லேயா என்னைவிட நல்லா விளையாடுறாள். எனக்கே தெரியும்." அவள் யன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: "நான் பயந்து கிட்ட எறியிறன் எண்டு நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"மே மாசம். அந்த மழை ஆட்டத்திலை."

"மே மாசம் கண்டதை என்னட்டை ஏன் சொல்லேல்லை? எத்தினை ஞாயிறு ரெண்டுபேரும் ஒண்டாப் போய் வந்தனாங்கள். வீதம் கூடியிருக்கு, வீதம் கூடியிருக்கு எண்டுதானே சொன்னனீங்கள். பிழையை ரேட்டோவிட்டை மட்டும் சொல்லியிருக்கிறியள்."

அவள் இன்னும் முடிக்கவில்லை.

"லேயாவுக்காண்டித் தாளைத் தள்ளி வைச்சிட்டுக் கதைச்சிருக்கிறியள். ஆறாம் வகுப்பிலை எனக்காண்டி ஏன் அப்பிடிக் கதைக்கேல்லை?"

எங்கள் மாநிலத்தில் ஆறாம் வகுப்பு முடிவில் பிள்ளைகளைப் பிரிப்பார்கள். மேல் பிரிவுக்குப் போனால் பல்கலைக்கழகம்வரை நேர்வழி. மற்றவர்களுக்குத் தொழிற்பயிற்சி. ஆரணிக்குச் சராசரியில் மயிரிழை குறைவு. வகுப்பாசிரியை எங்களை அழைத்தார். என் மனைவிக்கு வேலை. நானும் ஆரணியும் போனோம். ஆசிரியை புள்ளித்தாளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்கு விளங்காததால் பன்னிரண்டு வயது ஆரணி தமிழில் சொன்னாள்: "வீட்டிலை நீங்கள் என்னை எப்பிடிப் பாக்கிறியள் எண்டு கேக்கிறா." ஒரு ஆசிரியை ஒரு தகப்பனிடம் அப்படிக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிள்ளையை ஒழுங்காகப் பராமரிக்கிறோமா என்று விசாரிக்கிறார் என்று எண்ணிப் பயந்தேன். அகதி விசாரணையில் அதிகாரிகள் கேட்ட கேள்விகளுக்கு அளந்து அளந்து பதில் சொல்லிப் பழகிய நாக்கு அது. "நல்ல பிள்ளை எண்டு சொல்லு" என்றேன். ஆசிரியை இன்னும் ஏதோ எதிர்பார்த்து என்னைப் பார்த்தார். நான் புள்ளித்தாளைக் காட்டி, "அதிலை இருக்கிறதுதான். நம்பர் பிழைக்காது எண்டு சொல்லு" என்றேன். ஆரணி அதையும் மொழிபெயர்த்தாள். தன்னைப் பற்றிய தீர்ப்பைத் தன் வாயாலேயே, தெளிவான ஜெர்மனில், ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"எனக்கு அண்டைக்கு அந்தக் கேள்வி விளங்கேல்லைப் பிள்ளை" என்றேன்.

"நான் தமிழிலை சரியாத்தான் சொன்னனான் அப்பா."

ஓம். சரியாகத்தான் சொன்னாள். மொழி விளங்காததால் தவறியவை என்று நான் எழுதி வைத்திருந்த பலவற்றில் மொழி குற்றவாளியே அல்ல. புலம்பெயர்ந்த எங்களில் பலர் இப்படித்தான் ஆகிவிட்டோம் என்று நினைக்கிறேன். ஊரில் பரீட்சைப் புள்ளிதான் எங்களை ஏற்றியது, இறக்கியது. இங்கே வந்தபின் மொழி பறிபோக, மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே பொருளாக எண் மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகளோடு பேசத் தமிழ் இருந்தும், அவர்களோடும் எண்ணிலேயே பேசினோம்.

"அந்தக் கேள்விக்கு இப்ப பதில் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு?"

ஆனாலும் சொன்னேன். அந்த வருடம் வீடு மாறியபோது அவள் பள்ளிக்கூட அடிமட்டத்தால் புது வீடு முழுவதையும் அளந்து, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் படம் கீறி, அலுமாரி எந்தக் கதவால் போகும் என்று எனக்கு விளக்கியதைச் சொன்னேன். ஆசிரியையிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பிறகு ஆட்டங்களுக்கு வந்தேன். பந்தைத் தவறவிட்டவளின் தலைக்கவசத்தில் அவள் போய்த் தன் தலைக்கவசத்தை மெல்ல முட்டுவதை, எதிரணிப் பெண் ஒருத்தி முழங்கால் பிடித்துக்கொண்டு கிடந்தபோது எல்லோருக்கும் முதல் போய்ப் பக்கத்தில் இருந்ததை, தோற்ற ஆட்டங்களில் கடைசியாகக் களத்தை விட்டு வெளியேறுவதை. எந்தக் கட்டத்திலும் எழுத முடியாமல் நான் மனதில் வைத்திருந்தவற்றையெல்லாம், சொலோத்தூர்ன் தாண்டி ஓல்டன் வரும்வரை, ஒரு பெட்டி சனம் கேட்கும்படி தமிழில் சொன்னேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த அலுமாரி கதவாலை போகேல்லை அப்பா. நீங்கள் அதின்ரை காலைக் கழட்டித்தான் உள்ளுக்குக் கொண்டுபோனனீங்கள்."

"அது அலுமாரியின்ரை பிழை."

அவள் சிரித்தாள். இறங்கும்போது பையின் ஒரு பிடியை என்னிடம் தந்துவிட்டுச் சொன்னாள்: "இனிமேல் ஏதும் கண்டால் முதல் எனக்குச் சொல்லுங்கோ. பிறகு ரேட்டோவுக்கு."

அந்தக் குளிர்காலத்தில் லேயாவும் ஆரணியும் ஆரே ஆற்றங்கரையிலுள்ள வெற்றுத் திடலில் ஒவ்வொரு சனிக்கிழமையும் எறிந்து பழகினார்கள். லேயாவின் அண்ணன்மார் இருவர் மெத்தைகளைப் பிடித்தபடி ஆரணிமேல் பாய்வார்கள். அவள் அசையாமல் நின்று எறிய வேண்டும். பந்து பொறுக்குவது என் வேலை. அவள் முந்திக் கைவிடும்போதெல்லாம் "பயந்திட்டாய்" என்பேன். "தெரியும்" என்பாள். சில கிழமைகளில் அந்தச் சொல்லை லேயாவும் பிடித்துக்கொண்டு, தன் நாக்குக்கு வந்தபடி "பயந்தித்தாய்!" என்று கத்தத் தொடங்கினாள். தோளில் நீலம் பாய்ந்து ஆரணி வீட்டுக்கு வரும்போது என் மனைவி எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

வசந்தத்தில் முதல் ஆட்டம் எங்கள் மைதானத்தில். இரண்டாம் பாதியில் ஆரணி இறங்கினாள். நான் வழக்கம்போல் கோட்டோரம் தாளோடு நின்றேன். பந்து கைக்கு வந்தது. பக்கத்தில் ஒருத்தி கை நீட்டிக்கொண்டு நின்றாள், கொடுத்தால் பிடிபட்டிருக்கும். ஆரணி கொடுக்கவில்லை. நின்றாள். எதிரணியின் உயரமான ஒருத்தி நேரே பாய்ந்து வருவது எனக்கே தெரிந்தது. ஆரணி நின்றாள். இடி விழுந்த அதே கணத்தில் பந்து அவள் கையை விட்டுக் கிளம்பி, நான் இதுவரை அவளிடம் கண்டிராத உயரத்தில், வெகு தூரம் போனது. போய், எதிரணிக்காரி ஒருத்தியின் கையில் விழுந்தது.

ஆரணியின் பெயருக்கு நேரே நெடுங்காலம் பெரும்பாலும் வெறுமையாகவே இருந்த 'எதிரணி பறித்தது' என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அது கோணலாக விழுந்தது. பென்சில் கையில் இருக்க, கணக்கு எழுதுபவன் சத்தம் போடக்கூடாது என்ற ஒழுங்கையும் மறந்து, "பரவாயில்லைப் பிள்ளை! இன்னொருக்கா எறி!" என்று நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். பக்கத்தில் நின்ற பெற்றோரும், நடுவரும், எதிரணியின் கணக்குக்காரப் பெண்ணும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என்ன சொன்னேன் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. களத்தில் இரண்டு நிறச் சட்டைகளில், முகம் தெரியாத அத்தனை பேருக்கு நடுவே, புல்லில் கிடந்த ஒருத்தி மட்டும், எழும்புவதற்கு முன்பே, கையை உயர்த்தினாள்.